ஒரே சென்ட்ரிங் செட், இரண்டு வீடு: எதை முதலில் போடுவது?

சைட்_குமார்:
அடுத்தடுத்த மனையில் இரண்டு வீடு ஓடுகிறது. சென்ட்ரிங் செட் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும்) ஒன்று, கொத்தனார் குழுவும் ஒன்று. எக்செல்லில் அட்டவணை போட்டால் இரண்டு வீட்டுத் தளக் கான்கிரீட்டும் ஒரே வாரத்தில் வந்து நிற்கிறது. கிரிட்டிக்கல் பாத் (எந்த வேலை தாமதித்தால் மொத்தமும் தாமதிக்கும் என்று கணக்கிடும் முறை) பார்த்தும் தீரவில்லை.

பழைய_இன்ஜினியர்:
தீராது தம்பி. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் கம்பெனி ஆட்கள் உருவாக்கிய அந்த முறை, எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று மட்டும்தான் பார்க்கும், கையில் ஆளும் பலகையும் இருக்கிறதா என்று கேட்காது. மோதுகிற வேலைகளில் தள்ளிப்போட அவகாசம் குறைவாக உள்ளதற்கு முதலில் செட்டைக் கொடுங்கள், மற்றது நகரட்டும்.

மேஸ்திரி_மகன்:
செட் எத்தனை நாள் மாட்டிக்கொள்ளும் என்று பாருங்க. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி, சாதா போர்ட்லேண்ட் சிமெண்டில் தாங்கு இடைவெளி 4.5 மீட்டர் வரையான ஸ்லாபுக்கு (தளத்துக்கு) முட்டு 7 நாள் நிற்கணும், அதைத் தாண்டினால் 14. பீம் 6 மீட்டருக்குள் என்றாலும் 14 நாள். பிபிசி (போர்ட்லேண்ட் போசோலானா சிமெண்ட்) என்றால் இன்னும் கூடும். அதுவரை கொத்தனார்களை அடுத்த வீட்டுச் சுவருக்கு அனுப்பிடுங்க, சும்மா உட்கார வைத்துக் கூலி கொடுக்க வேண்டாம்.

சைட்_குமார்:
சரி, இரண்டாவது செட் வாடகைக்கு எடுத்தால்?

மேஸ்திரி_மகன்:
முழு செட் எதற்கு? முட்டுகளை உடனே மறுபடி நிறுத்திவிட்டால் ஸ்லாப் அடிப்பலகையை 3 நாளிலேயே கழற்றலாம் என்றும் அதே விதியில் இருக்கு. கூடுதல் ஜாக்கி (உயரம் மாற்றக்கூடிய இரும்பு முட்டு) மட்டும் எடுங்க, ஆனால் உங்க இன்ஜினியர் சம்மதிக்காமல் கை வைக்காதீங்க.