மகாதமனியில் ஸ்டென்ட் பொருத்தியதும் மேசையிலேயே சிடி எடுப்பது அவசியமா?

கேள்வி

என் தந்தைக்கு வயது 74. வயிற்றுப் பகுதி மகாதமனியில் 5.8 செ.மீ. வீக்கம் இருப்பதால், தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (உலோகச் சட்டமுள்ள துணிக்குழாய்) பொருத்த இருக்கிறார்கள். முடிந்ததும் ஆஞ்சியோகிராமோடு நிறுத்தாமல், மேசையில் இருக்கும்போதே கோன் பீம் சிடியும் (எக்ஸ்ரே கருவியைச் சுழற்றி எடுக்கும் குறுக்குவெட்டுப் படம்) எடுப்போம் என்று மருத்துவர் கூறினார். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவு 1.8 என்று கூடுதலாக இருப்பதால், கூடுதல் சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்று அஞ்சுகிறேன். ஒரு மாதம் கழித்து எப்படியும் சிடி எடுக்கத்தானே போகிறார்கள்?

மறுமொழி 1 (ரத்தநாள அறுவை மருத்துவர்)

உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் கிராஃப்டில் குறை இருந்தால், அந்த ஒரு மாதம் காத்திருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஆஞ்சியோகிராம் ஒரு கோணத்திலிருந்து எடுக்கும் தட்டைப் படம் என்பதால், கிராஃப்டின் கால் (ஒவ்வொரு காலுக்கும் ரத்தம் கொண்டுசெல்லும் அதன் கிளைக்குழாய்) முன்பின்னாக மடிந்திருந்தால் அது கண்ணில் படாமல் போகலாம். சி-ஆர்ம் (C வடிவ எக்ஸ்ரே கருவி) நோயாளியைச் சுற்றி ஏறக்குறைய 200 பாகை சுழன்று எடுக்கும் படங்களிலிருந்து கிடைக்கும் குறுக்குவெட்டில் அது தெரிந்துவிடும். கிராஃப்டின் முனைகளிலோ (முதல் வகை) துண்டுகள் இணையும் இடத்திலோ (மூன்றாம் வகை) ரத்தம் வீக்கத்துக்குள் கசிந்தால், வீக்கத்தின் சுவர்மீது ரத்த அழுத்தம் தொடர்ந்து தாக்கிக்கொண்டே இருக்கும். அதை அப்போதே பலூனால் விரித்தோ, கூடுதல் துண்டு ஒன்றை வைத்தோ சரிசெய்துவிட வேண்டும். முதுகுப்புறக் கிளைத் தமனிகளிலிருந்து ரத்தம் பின்னோக்கி வரும் இரண்டாம் வகைக் கசிவு பெரும்பாலும் கண்காணிப்புக்கு மட்டுமே உரியது. அதை மேசையிலேயே அடைக்க முயல்வதை நான் ஆதரிப்பதில்லை.

மறுமொழி 2 (கேத் லேப் எனப்படும் ரத்தநாளச் சிகிச்சைக் கூடத்தின் தொழில்நுட்பர்)

மடிப்பும் நெருக்கமும் சாய மருந்து இல்லாமலேயே தெரியும், ஏனெனில் கிராஃப்டின் உலோகச் சட்டம் எக்ஸ்ரேயில் தெளிவாக விழுகிறது. கசிவைத் தேடுவதற்குத்தான் மருந்து தேவைப்படும், அதையும் நீர்க்கச் செய்து கொடுக்கலாம். சுழலும் அந்தச் சில நொடிகளுக்கு மயக்க மருத்துவர் மூச்சை நிறுத்திவைப்பார். கதிர்வீச்சு சற்றுக் கூடும் என்பது உண்மைதான், ஆயினும் 74 வயதில் அந்தக் கணக்கு வேறு.

மறுமொழி 3

என் தாயாருக்கு இறுதி ஆஞ்சியோகிராம் நன்றாக இருந்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் இடது கால் குளிர்ந்து வலித்தது; கிராஃப்டின் இடது கால் மடிந்து, உள்ளே ரத்தம் உறைந்திருந்தது. மீண்டும் அறுவை செய்ய நேர்ந்தது. அன்றே மேசையில் பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சாய மருந்தில்லாத சுழற்சியை முதலில் எடுத்து, சந்தேகம் இருந்தால் மட்டும் மருந்து கொடுக்க இயலுமா என்று வியாழக்கிழமை மருத்துவரிடம் கேட்கிறேன்.