முக்திநாத் ரோடு வழியா போறோம், முதல் ராத்திரி எங்க தங்குறது?

ஸ்ரீரங்கத்துக்காரன்:
வணக்கம், நாங்க 14 பேர் அக்டோபர்ல நேபாள்ல இருக்கற முக்திநாத் கோயிலுக்குப் போறோம், ஆழ்வார் பாடின சாளக்கிராமம்தான். 9 பேர் அறுபதைத் தாண்டினவங்க. ரயில்ல கோரக்பூர், அங்கேர்ந்து டெம்போ டிராவலர்ல சோனௌலி பார்டர் தாண்டி போக்ரா. கோரக்பூர் போய்ச் சேரவே மத்தியானம் ஆயிடும், அன்னிக்கு அங்கயே படுத்துடலாமா இல்ல பார்டர் தாண்டிடலாமா? டிராவல்ஸ்காரர் ஒரே ராத்திரில போக்ரா போயிடலாம் சார்ங்கறார், எனக்கு வயித்தக் கலக்குது. அம்மாவுக்கு 71, முட்டிவலி வேற.

மலைப்பாதை:
ராத்திரில போகவே போகாதீங்க. பார்டர் தாண்டினதும் வர்ற பைரஹவா ஊர்லேர்ந்து பால்பா வழியா போக்ரா 180 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா முக்கால்வாசி மலை வளைவு, பகல்லயே 7, 8 மணி நேரம் ஆகும். கோரக்பூர்ல தூங்கிட்டு விடியக்காலைல கிளம்புங்க.

டீக்கடை பெஞ்சு:
கோரக்பூர் வேணாங்க. அங்க தங்கினா மறுநாள் சோனௌலி வரைக்கும் 3 மணி நேரம், பார்டர், அப்புறம் மலை ரோடு, அம்மா கால் என்ன ஆகறது? அன்னிக்கே இருட்டறதுக்குள்ள தாண்டிடுங்க. நம்ம ஊர் வண்டியை உள்ள கொண்டு போனா பன்சார்னு நேபாள் சுங்கத்துல நாள் கணக்குல காசு கட்டணும், லாரி வரிசைல வேற நிக்கணும். அதனால சோனௌலிலயே இறங்கி கேட்டைத் தாண்டி நடந்துடுங்க, அம்மாவை ரிக்‌ஷால ஏத்துங்க, அந்தப் பக்கம் நேபாள் வண்டி பேசி வெச்சுக்கலாம். பைரஹவால தங்கலாம், லும்பினி பாக்கணும்னா இன்னும் 20 சொச்சம் கிலோமீட்டர். 100 ரூபா நோட்டா எடுத்துட்டு போங்க, நம்ம 100க்கு அவங்க 160.

ஒண்ணு முக்கியம், 15லேர்ந்து 65 வயசு வரைக்கும் பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி வேணும், ஆதார் செல்லாது. எங்க கோஷ்டில 62 வயசு மாமா ஒருத்தர் வெறும் ஆதாரோட வந்து நின்னார், பாவம் அவருக்காக அரை நாள் போச்சு.

மலைப்பாதை:
சரி, பைரஹவா பரவால்ல, ஒத்துக்கறேன். ஆனா முதல் ராத்திரிய விட ஜோம்சோம் ராத்திரிதாங்க முக்கியம். போக்ரா 800 மீட்டர் சொச்சம், முக்திநாத் 3,700க்கும் மேல, ஒரே மூச்சுல ஏறினா பெரியவங்களுக்கு தலை சுத்தும், நடுவுல 2,700ல ஜோம்சோம்ல ஒரு ராத்திரி படுத்துட்டு போங்க. போக்ராலேர்ந்து ஜோம்சோமுக்கு ஃபிளைட்டுனா காலைல மட்டும்தான், அப்புறம் காளி கண்டகி பள்ளத்தாக்குல காத்து பிச்சு உதறும். கோயிலுக்கு கடைசி ஏத்தத்துக்கு குதிரை கிடைக்கும், அம்மாவுக்கு பேசிடுங்க. கோயில்ல ஜில்லுனு தண்ணி கொட்டற அந்த 108 தாரைல குளிக்கறேன்னு யாராவது நின்னா துண்டோட பக்கத்துலயே இருங்க, எனக்கு பத்தாவது தாரைக்குள்ளயே விரல் மரத்துப்போச்சு.

ஸ்ரீரங்கத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க, பைரஹவால ரூம் பாக்கறேன். அம்மா ஆதாரோடயே போயிடலாம் போல. சித்தப்பாவுக்குத்தான் 63, வோட்டர் ஐடிய எங்க வெச்சாருன்னு இப்ப பீரோவை பொரட்டிட்டு இருக்கார்.