என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஒளிபரப்பு: ரீப்ளே முடியறதுக்குள்ள பந்து எங்கேயோ போயிடுதே, ஏன்?

கேட்டவர்: மூலைஷாட்
மூணு சந்தேகம். ஆட்டம் ஓடும்போது ஏன் எப்பவும் அதே பக்கவாட்டு உயரக் கோணம்? ரெண்டாவது, ரீப்ளே முடிஞ்சு திரும்பினா அடுத்த ஷாட்டே போயிருக்கு. மூணாவது, திரையில ஸ்கோர் பட்டை 0.0 காட்டுது, பந்து இன்னும் கையில இருக்கு. எதை நம்புறது?

பதில்: பான்_டில்ட்
கோர்ட் 94 அடி நீளம், 50 அடி அகலம். நடுக்கோட்டுக்கு நேரே உயரத்துல இருக்கிற பிரதான கேமராவுலதான் பாதி கோர்ட்டுக்குள்ள நிற்கிற பத்து பேரும் ஒரே ஃப்ரேம்ல அடங்குவாங்க. தரைமட்டக் கேமரா வேகத்தை அழகாக் காட்டும், ஆனா தூரம் சுருங்கிடும். மூலையில நிற்கிற ஷூட்டருக்கும் அவரைக் காக்கிறவருக்கும் இடையில 3 அடியா 12 அடியான்னு தெரியாது. அந்த இடைவெளிக்காகத்தான் மொத்த ஆட்டமும் நடக்குது.

கேமராமேன் பந்தை ஃப்ரேம் நடுவுல வெச்சா அது தப்பு. தாக்கப்போற கூடையின் பக்கம் இடம் விட்டுப் பிடிக்கணும். ஃபாஸ்ட் பிரேக்ல (எதிரணி திரும்பி வர்றதுக்குள்ள வேகமா ஓடித் தாக்குறது) ஜூம் இறுக்கமா இருந்தா நீளப் பாஸ் ஃப்ரேமை விட்டே ஓடிடும்.

எதிர்ப்பக்கக் கேமராவை ஓடுற ஆட்டத்துல போட மாட்டாங்க. போட்டா வலப்பக்கம் ஓடின அணி திடீர்னு இடப்பக்கம் ஓடும். அது ரீப்ளேக்கு மட்டும்.

பதில்: டெட்பால்
ரெண்டாவதுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. பந்து கூடைக்குள்ள விழுந்தா கடிகாரம் நிற்காது (முதல் மூணு குவார்ட்டர்ல கடைசி 1 நிமிடமும், நாலாவதுலயும் ஓவர்டைமிலும் கடைசி 2 நிமிடமும் தவிர). பந்து 8 விநாடிக்குள்ள நடுக்கோட்டைத் தாண்டணும். 2 விநாடி டங்க்கை (தாவிக் கூடைக்குள்ள பந்தை அழுத்துறது) பாதி வேகத்துல ஓட்டினா 4 விநாடி. முன்னும் பின்னும் திரையில லோகோ பறக்க தலா ஒரு விநாடி. ஆக 6. எதிரணி வேகமா பந்தை உள்ள எறிஞ்சா முடிஞ்சது கதை.

பெரும்பாலும் ரீப்ளே ஆபரேட்டர் தொடக்கத்தை முன்னாடியே குறிச்சிடுறதுதான் கோளாறு. தாவுற இடத்துல ஆரம்பிக்காம பந்தைத் தட்டிக்கிட்டு ஓடுற டிரிபிள்ல இருந்து ஓட்டினா 2, 3 விநாடி வீண். சும்மா ஓடுற ஆட்டத்துல முகத்துக்கு ஒரு க்ளோஸ்-அப் போதும். ரீப்ளேக்கு உரிய இடம் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காம எறியுற வாய்ப்பு) கிடைக்கிற ஃபவுல். வீரர்கள் வரிசையா நிற்கணும், பந்து கைக்கு வந்த பிறகு ஷூட்டருக்கு 10 விநாடி இருக்கு. ரெண்டு கோணம் தாராளமா நுழையும்.

பதில்: சிவப்புவிளக்கு
மூணாவதுக்கு: கூடைக்குப் பின்னால இருக்கிற பலகையை, அதாவது பேக்போர்டைத்தான் நம்பணும். நேரம் 0.0 ஆகும்போது அதன் ஓரத்துல சிவப்பு விளக்கு எரியும். நடுவர்கள் பார்க்கிறதும் அதைத்தான். பட்டையில ஓடுற நேரம் அரங்கக் கடிகாரத்தோட கன்ட்ரோலர்ல இருந்து டேட்டாவா வருது. கேமரா படமோ ஒவ்வொரு கருவியிலும் சில ஃப்ரேம் தாமதமாகி வரும். கிராஃபிக்ஸ்காரர் டேட்டாவையும் அதே அளவு தாமதிக்கலைன்னா பட்டை முந்திக்கும். கடைசி நிமிடத்துல பத்தில் ஒரு விநாடி காட்டுறதால அப்பதான் கண்ணுல படும்.

மூலைஷாட்
டைம்அவுட் முடிஞ்சு வரும்போதும் சில நேரம் பந்து உள்ள வந்திருக்கே? அங்க அவசரம் கிடையாதே!

பதில்: டெட்பால்
அது வேற வகை. ஒவ்வொரு குவார்ட்டர்லயும் மீதி நேரம் 6:59, 2:59 குறிகளுக்குக் கீழ போறவரை யாரும் டைம்அவுட் கேட்கலைன்னா, அடுத்து பந்து நின்னதும் கட்டாய டைம்அவுட். அது விளம்பரத்துக்கு வசதியா நீளமானது. ஆனா அதுக்கு மேல பயிற்சியாளர் கேட்கிற சாதாரண டைம்அவுட் 75 விநாடிதான். அதுல ரெண்டு 30 விநாடி விளம்பரம் போட்டா மிச்சம் 15. திரும்பி வந்ததும் ஸ்பான்சர் பேரோட ஒரு ரீப்ளேயைச் சொருகினா அதுவும் கரைஞ்சிடும். முதல்ல கோர்ட்டைக் காட்டிட்டு, ரீப்ளேயை அடுத்த ஃபவுலுக்குத் தள்ளி வைக்கலாம். பல பேர் வைக்கிறதில்லை.