1960–1980 அமெரிக்கத் தென் மாநில வாக்குத் தரவு: யாராவது கை கொடுங்கள்

வெள்ளையர் வாக்கு டெமாக்ரட்டிக் கட்சியிலிருந்து ரிபப்ளிக்கன் பக்கம் நகர்ந்ததைக் கவுன்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாகக் கணக்கிடுகிறோம். ரிபப்ளிக்கன் வேட்பாளர் நிக்சன் ஒரே தேர்தலில் தெற்கைக் கவிழ்த்தார் என்பது சும்மா பேச்சு. 1976இல் டெமாக்ரட்டிக் வேட்பாளர் கார்ட்டர் வர்ஜீனியா தவிரப் பழைய கூட்டமைப்பு மாநிலங்கள் (உள்நாட்டுப் போரின்போது பிரிந்து போன தென் மாநிலங்கள்) அத்தனையையும் மீட்டார்.

பெரிய தலைவலி, கவுன்டியின் மொத்த வாக்கை இனவாரியாகப் பிரிப்பது. கறுப்பர் மக்கள்தொகை விகிதத்தை வைத்து நேர்க்கோட்டுப் பொருத்தம் (linear regression) போட்டால் சில இடங்களில் வெள்ளையர் ஆதரவு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. மிசிசிப்பியில் 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு (வாக்களிப்பில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது) முன் கறுப்பர் வாக்காளர் பதிவு 7 சதவீதம்கூட இல்லை. 1967இல் 60ஐ நெருங்கிவிட்டது. ஆகவே மக்கள்தொகை உதவாது, பதிவு எண்ணிக்கைதான் வேண்டும். 1964–1970 கவுன்டி வாரி இனப் பதிவுப் பட்டியல் எங்கே கிடைக்கும்?

இன்னொன்று, 1968. மூன்றாம் கட்சி வேட்பாளர் வாலஸ் 5 மாநிலங்களை அள்ளினார். அவர் வாக்கை நிக்சனோடு கூட்டினால் நகர்வு ஊதிப் பெரிதாகிறது, தனியே விட்டால் 1972இல் பொய்யான பாய்ச்சல் தெரிகிறது. நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள்?

1964 அலபாமாவையும் சொல்லுங்கள்: வாக்குச்சீட்டில் டெமாக்ரட்டிக் அதிபர் வேட்பாளர் ஜான்சன் பெயரே இல்லை, எந்த வேட்பாளருக்கும் உறுதி தராத டெமாக்ரட்டிக் தேர்வாளர்கள்தான் (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகள்). நாங்கள் இப்போதைக்கு அந்த மாநிலத்தை நீக்கி வைத்திருக்கிறோம்.

மங்கலான ஸ்கேன் ஆனாலும் பரவாயில்லை, தட்டச்சு எங்கள் பொறுப்பு.