அலெக்சாண்ட்ரா படம் பாத்தவங்க வாங்க, எந்த சீன் இன்னும் விட மாட்டேங்குது?

தூக்கம்வராதவன்:
ரஷ்ய டைரக்டர் சோகுரோவ் படம், 2007. பேரன் டெனிஸ், ரஷ்யாவ விட்டு பிரியப் பாத்த செச்சினியால இருக்குற ரஷ்ய ராணுவ கேம்ப்ல கேப்டன், பாட்டி பாக்க வருது, கதை தெரியும்ல. அந்த கவச வண்டிக்குள்ள பாட்டிய இறக்கி காட்டுவான், நாத்தம் வேற அடிக்குதுங்கும், அப்புறம் கலாஷ்னிகோவ் துப்பாக்கிய கைல வாங்கி குறி வச்சு விசைய அழுத்தும். குண்டு இல்ல. டிக். இவ்ளோ ஈஸியாங்கும். நான் அங்கேயே நிறுத்திட்டு போய் தண்ணி குடிச்சேன், படம் முழுக்க ஒரு போர் சீன் கூட கிடையாது, ஆனா அந்த டிக் போதும்.

மிலிட்டரிக்காரர்பொண்ணு:
எனக்கு ஜடை. பாட்டியும் பேரனும் வாய்ச்சண்ட போட்டு முடிச்சு அவன் பாட்டிக்கு தலை பின்னி விடுவான் பாருங்க. எங்கப்பா லீவு முடிஞ்சு கிளம்புற அன்னிக்கு மட்டும் எனக்கு பின்னி விடுவாரு, கோணலா இருக்கும், ஸ்கூல்ல எல்லாரும் சிரிப்பாங்க, நான் அவுக்க மாட்டேன். அந்த சீன்ல அம்மா எந்திரிச்சு கிச்சனுக்கு போயிட்டாங்க.

குறுக்கால:
@மிலிட்டரிக்காரர்பொண்ணு ஜடைக்கு அழுறீங்க சரி, மலிகா வீடு ஞாபகம் இருக்கா? பாதி இடிஞ்ச பில்டிங், அதுல கூட்டிட்டு போய் டீ குடுக்கும் அந்த செச்சென் அம்மா. 94ல ரஷ்ய ராணுவத்தோட ஒரு போர், 99ல திரும்ப ஒண்ணு. யாரு இடிச்சாங்கன்னு படம் வாயே திறக்காது. பாட்டிய வழியனுப்ப வர்ற செச்சென் பையன் எங்கள விட்ருங்களேன்னு கேக்குறப்போ பாட்டி அது அவ்ளோ ஈஸி இல்லைங்கும், எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு.

பழையரீல்:
நான் பாதில கரண்ட் போய் மறுநாள்தான் முடிச்சேன், அவ்ளோதான் என் கதை. ஆனா தயவுசெஞ்சு போன்ல பாக்காதீங்க. கலர் வெளிறி மண்ணு மாதிரி இருக்கும், பிரிண்ட் கோளாறு இல்ல, அப்படித்தான் எடுத்திருக்காரு. ஹெட்போன் போடுங்க, பேச்சு முணுமுணுப்புதான். முதல்ல சோகுரோவோட 1997ல வந்த தாயும் மகனும், அடுத்து 2003ல தந்தையும் மகனும் பாத்துட்டு இதுக்கு வாங்க. பாட்டியா நடிச்சது கலினா விஷ்னேவ்ஸ்கயா, மாஸ்கோ போல்ஷோய் தியேட்டர்ல பாடின பெரிய ஓப்பரா பாடகி, சின்னப் பொண்ணா ரெண்டாம் உலகப்போர்ல லெனின்கிராட் முற்றுகைய அனுபவிச்சவங்க. இதுல ஒரு வரி பாடல. செச்சினியாவுக்கே போய்தான் எடுத்தாங்க, அதையும் மனசுல வச்சு பாருங்க. அப்புறம் சாப்ட்டுட்டு உக்காராதீங்க, தூங்கிருவீங்க.

தூக்கம்வராதவன்:
அண்ணே, டிப்ஸ் யாரு கேட்டா 😄
@குறுக்கால துப்பாக்கிய ஈஸின்னதும் அதே பாட்டி, பையன்கிட்ட ஈஸி இல்லைன்னதும் அதே பாட்டி. நீங்க சொன்னப்புறம்தான் உறைக்குது. இன்னிக்கும் தூக்கம் போச்சு.