ஆப்கானிஸ்தானுக்கும் ஈராக்குக்கும் படையோடு போன அமெரிக்காவும் கூட்டாளிகளும் தேசத்தைக் கட்டித் தருகிறோம் என்றார்களே, அதில் உங்களை இன்னும் உறுத்துவது எது?

சுழலி
எனக்குக் கஜக்கி. தெற்கு ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் நதி அணை, இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1975இல் அமெரிக்க உதவியில் இரண்டு சுழலிகள் வைத்தார்கள், தலா 16.5 மெகாவாட். நடுவில் ஒன்றுக்கான குழி காலியாகவே கிடந்தது. 2008 ஆகஸ்ட் இறுதியில் அந்த நடுச்சுழலியை ஏழு பாகங்களாகப் பிரித்து, சுமார் 100 வண்டிகளில் ஏற்றி, பல ஆயிரம் படையினர் காவலோடு காந்தஹாரிலிருந்து பாலைவனம் வழியாக அணைக்குக் கொண்டுசேர்த்தார்கள். பிரிட்டிஷ் படையின் பெரிய சாதனை என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது.

பொருத்தவில்லை. இரும்பு போய்ச் சேர்ந்தது, சிமெண்ட் போகவில்லை. சுழலியை உட்கார வைக்க நூற்றுக்கணக்கான டன் சிமெண்ட் வேண்டும். அதைப் பாலைவனத்தில் ஒரு தடவை ரகசியமாக ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது. மாதக்கணக்கில் லாரி ஓட வேண்டும், அதற்கு சங்கின் என்ற ஊர் வழியாகப் போகும் சாலை திறந்திருக்க வேண்டும். அந்தச் சாலை தாலிபான் கையில் இருந்தது. பொருத்த வந்த சீன ஒப்பந்தக்காரர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். பாகங்கள் அணைப்பக்கத்திலேயே கிடந்தன. கடைசியில் ஆப்கன் அரசு மின் நிறுவனமான ப்ரெஷ்னாவின் பொறுப்பில் வேலை நடந்து, 2016இல்தான் சுழன்றது.

இடைப்பட்ட காலத்துக்கு ‘பாலம்’ என்று பெயர் வைத்து, காந்தஹாரில் இரண்டு இடங்களில் தலா 10 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர்களை நிறுத்தினார்கள். டீசல் செலவு அமெரிக்க ராணுவத்துடையது. 2015 செப்டம்பரில் அதை நிறுத்தியதும் காந்தஹார் இருண்டது. அந்தப் பாலத்துக்கு மறுகரை எது என்று கையெழுத்துப் போடும்போது யாரும் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மேகலா
ஹெலிகாப்டர். ஆப்கன் விமானப்படைக்கு ரஷ்ய எம்ஐ-17 சோவியத் காலத்திலிருந்தே பழக்கம். பராமரிப்பு வேலையில் சுமார் 80 சதவீதத்தை அவர்களே செய்தார்கள். ரஷ்யாவிடம் வாங்கக் கூடாது என்று வாஷிங்டனில் அழுத்தம் வந்ததும், 159 அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் கொடுத்து மாற்றிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். எம்ஐ-17 ஒன்று தூக்கும் சுமைக்குக் கிட்டத்தட்ட இரண்டு பிளாக் ஹாக் வேண்டும். எம்ஐ-17 ஏறுகிற சில மலை உயரங்களுக்கு இது ஏறவும் ஏறாது. பழுதுபார்ப்பு ஏறக்குறைய முழுக்க வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள் கையில். 2021 கோடையில் அவர்கள் வெளியேறினார்கள். அதன் பிறகு ஆப்கன் மெக்கானிக்குகள் ஜூம் திரையைப் பார்த்துப் பார்த்து பழுதுபார்த்தார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போது! ‘தற்சார்புள்ள படை’ என்று எத்தனை அறிக்கையில் எழுதினார்கள். தன் காலில் நின்றிருந்த ஒரே பட்டறையை மூடும் முடிவையும் அவர்களேதான் எடுத்தார்கள்.

பொன்னம்பலம்
ஜி-222 சரக்கு விமானத்தை விட்டுவிட்டீர்களே. இத்தாலியில் ஓய்வு கொடுத்த பழைய விமானங்கள், 20. திட்டச் செலவு 54.9 கோடி டாலர். உதிரிபாகம் கிடைக்கவில்லை, தூசியும் வெயிலும் சேர்ந்து படுத்தின. காபூலில் நின்ற 16 விமானங்களையும் 2014இல் நொறுக்கி, ராத்தல் 6 சென்ட் கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

தென்மதுரை
மேலே மூவரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். இரும்பு கெட்டால் மாற்றலாம். சட்டத்தில் விட்ட ஓட்டையை மாற்றவே முடியாதபடி செய்தார்கள், அதைப் பாருங்கள்.

2005 ஆப்கன் நாடாளுமன்றத் தேர்தல். காபூல் மாகாணத்துக்கு 33 இடங்கள், போட்டியிட்டவர்கள் 400 பேருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் வாக்காளருக்கு ஒரே ஓட்டு. கட்சிப் பட்டியல் கிடையாது, அதிக ஓட்டு வாங்கிய முதல் 33 பேர் உள்ளே. காபூல் வாக்குச்சீட்டு ஏழு பக்கம்! எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னம் கொடுத்தார்கள், சின்னங்கள் போதவில்லை. அதனால் ஒருவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு அதே பொருள் இரண்டு, இன்னொருவருக்கு மூன்று. ஒரு தாத்தா அந்த ஏழு பக்கத்தைப் புரட்டி மூன்று விளக்குக்கும் இரண்டு விளக்குக்கும் வித்தியாசம் தேட வேண்டிய நிலை.

இந்த முறையில், செல்வாக்குள்ள ஒருவருக்கு ஓட்டு குவிந்தால் உபரி வீண். ஒரே தரப்பில் பலர் நின்றால் பிரிந்து வீண். நாடு முழுக்கப் பெரும்பான்மை ஓட்டுகள் தோற்றவர்களுக்கே விழுந்தன. 2010இல் கஸ்னி மாகாணத்தின் 11 இடங்களும் ஹஸாரா இன வேட்பாளர்களுக்கே போயின. அங்கே பஷ்தூன் இனத்தவர் வாழும் பகுதிகளில் பாதுகாப்பு இல்லாமல் பலர் வாக்குச்சாவடிக்கே வர முடியவில்லை. கட்சிகள் வலுப்பெறக் கூடாது என்று அப்போதைய அதிபர் கர்சாய் விரும்பினார், ஐ.நா.வும் நன்கொடை நாடுகளும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தன.

இதைவிட மோசம் 2004 அரசியலமைப்பின் 110ஆம் பிரிவு. அரசியலமைப்பைத் திருத்த லோயா ஜிர்கா என்ற தேசியப் பேரவை கூட வேண்டும். அதன் உறுப்பினர்களில் மாவட்ட மன்றத் தலைவர்களும் உண்டு. மாவட்ட மன்றத் தேர்தல் 2021 வரை ஒரு தடவைகூட நடக்கவில்லை. ஆகவே சட்டப்படி லோயா ஜிர்காவைக் கூட்டவே வழியில்லை. 2014இல் அதிபர் தேர்தலில் மோதிய கானிக்கும் அப்துல்லாவுக்கும் சமரசம் செய்து, அரசியலமைப்பில் இல்லாத ‘தலைமை நிர்வாகி’ பதவியை உருவாக்கி, இரண்டு ஆண்டுக்குள் லோயா ஜிர்கா கூட்டி அதைச் சட்டமாக்குவோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். முன்னின்று முடித்து வைத்தவர் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி. மாவட்ட எல்லைகள்கூட முடிவாகாத நாட்டில் அந்த வாக்குறுதி எப்படி நிறைவேறும் என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கயல்
ஈராக்கின் ஃபலூஜா நகரக் கழிவுநீர்த் திட்டம். குழாய் போட்டார்கள், சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், வீட்டிலிருந்து தெருக்குழாய் வரைக்குமான இணைப்பைத் திட்டத்திலேயே சேர்க்கவில்லை. 3.25 கோடி டாலர் எஸ்டிமேட் 10 கோடியைத் தாண்டியது. அந்தக் கடைசிச் சில மீட்டர்கள் யார் பொறுப்பு என்பதில் வருடங்கள் ஓடின.

செந்தில்வேல்
தென்மதுரை நண்பரே, மதிப்போடு மறுக்கிறேன். எல்லாமே தோல்வி என்று எழுதினால் அடுத்த தடவை எவனும் ஒரு கிணறுகூட வெட்டித் தர மாட்டான்.

ஆப்கானிஸ்தானில் 2003இல் தொடங்கிய தேசிய ஒற்றுமைத் திட்டத்தைப் பாருங்கள். வீட்டுக்கு 200 டாலர் கணக்கு, ஒரு ஊருக்கு அதிகபட்சம் 60,000 டாலர். ஊர் மக்கள் ரகசிய ஓட்டில் வளர்ச்சி மன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும், பெண்களுக்கும் இடம். கிணறா, சிறு நீர்மின் நிலையமா, மதகா என்று அவர்களே முடிவு செய்வார்கள். கணக்கு ஊர்ப் பொதுவில் ஒட்டப்படும். பணம் உலக வங்கி நிதியத்திலிருந்து ஆப்கன் அரசின் வழியாகவே போனது. குடிநீரும் மின்சாரமும் மேம்பட்டதை 500 ஊர்களில் நடந்த ஆய்வு காட்டியது. மதகு மாதிரி பெரிய கட்டுமானங்களில் அவ்வளவு பலன் தெரியவில்லை, அதையும் அதே ஆய்வு சொன்னது.

நம் நாட்டு வேலையும் உண்டு. ஹெராத் பக்கம் சல்மா அணை, 42 மெகாவாட், ஹரி ருத் நதி. சாமான்கள் ஈரானின் பந்தர் அப்பாஸில் இறங்கி, 1,200 கி.மீ. சாலைவழியாக இஸ்லாம் கலா எல்லைக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு 300 கி.மீ. தாமதம் ஆனது, செலவு ஏறியது, ஆனாலும் 2016 ஜூன் 4 அன்று திறந்தார்கள். சலாங் மலையைத் தாண்டி வந்த புல்-ஏ-கும்ரி–காபூல் 220 கிலோவோல்ட் பாதையும் இந்தியா போட்டதுதான். அந்தக் கம்பியில் வந்த உஸ்பெக் மின்சாரத்தில்தான் காபூல் வெளிச்சம் பார்த்தது.

சுழலி
செந்தில்வேல் சொன்ன கம்பி சரியான உதாரணம். அதே காபூலில் அமெரிக்கா 105 மெகாவாட் டீசல் நிலையம் கட்டியது, பெயர் தரக்கில். 33.5 கோடி டாலர். கம்பியில் வரும் மின்சாரம் டீசல் மின்சாரத்தைவிடப் பல மடங்கு மலிவு. 2014–15இல் தணிக்கை செய்தபோது தரக்கில் தன் திறனில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே உற்பத்தி செய்திருந்தது. அடிக்கடி நிறுத்தி ஓட்டியதில் இயந்திரமும் தேய்ந்தது. கம்பி போடுகிறார்கள் என்று கட்டும்போதே தெரியும்.

அழகர்சாமி
இளைஞர்கள் ஆர்வமாக எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் கதையைச் சொல்லி வருத்தப்படுவதோடு நிறுத்தாதீர்கள். நன்கொடை நாடுகளின் மாநாட்டு அறிக்கைகளை எப்படி வாசிப்பது என்று பழகிக்கொள்ளுங்கள், அடுத்த நாட்டிலும் இதே பல்லவி வரும்.

முதலில் கோஷத்தை விட்டுவிட்டுப் பணத்தின் பாதையைப் பாருங்கள். 2010இல் லண்டன், காபூல் இரண்டு மாநாட்டிலும் ‘ஆப்கானியர் தலைமை, ஆப்கானியர் பொறுப்பு’ என்று பேசினார்கள். கூடவே ஒரு எண்ணும் கொடுத்தார்கள்: இரண்டு ஆண்டுக்குள் வளர்ச்சி உதவியில் பாதியையாவது ஆப்கன் அரசின் பட்ஜெட் வழியாகக் கொடுப்போம் என்று. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு 2012 டோக்கியோ மாநாட்டு அறிக்கைக்குப் போனால் அதே பாதி மறுபடியும் வாக்குறுதியாக நிற்கும். நிறைவேறியிருந்தால் மறுபடி ஏன் எழுதப் போகிறார்கள்?

அடுத்து, பராமரிப்புச் செலவு பற்றி எழுதிய வரி. கட்டும் செலவு எவ்வளவு என்பதில் ஒன்றும் தெரியாது தம்பி. ஆறாம் வருட எரிபொருளும் உதிரிபாகமும் யார் தலையில் என்று தேடுங்கள். காபூல்–காந்தஹார் சாலைக்கு 2003 டிசம்பருக்குள் முதல் தாரைப் போட்டுத் திறப்பு விழா நடத்தினார்கள். பிறகு அதிக பாரம் ஏற்றிய லாரிகள் ஓடின, எடைமேடை வைத்துத் தடுக்க ஆளில்லை, வழியெல்லாம் குண்டு. நாட்டின் சாலைகளைப் பராமரிக்க வருடத்துக்கு 10 கோடி டாலர் வேண்டும் என்றது ஆப்கன் பொதுப்பணி அமைச்சகம். பட்ஜெட்டில் அதற்குக் கிடைத்தது சராசரியாக 2.13 கோடி. தார்ச்சாலையில் விரிசலை உடனே அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கி அடித்தளம் இளகும். அப்புறம் மேலே எத்தனை தடவை தார் ஊற்றினாலும் நிற்காது, தோண்டித் திரும்பப் போட வேண்டும். ஐந்தில் ஒரு பங்குப் பணத்தில் பராமரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாலை மிஞ்சும் என்று கணக்குப் போட முடியாது.

மூன்றாவது, அரசின் மொத்தச் செலவில் சொந்த வருமானம் எவ்வளவு. ஆப்கானிஸ்தானில் 2021இல் தாலிபானிடம் ஆட்சி போவதற்கு முந்தைய கடைசி வருடங்களில் பொதுச் செலவில் சுமார் முக்கால் பங்கு வெளிநாட்டு உதவி. அப்படிப்பட்ட அரசின் நிதியமைச்சர் தன் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வாரா, நன்கொடை மாநாட்டுக்குப் பதில் சொல்வாரா? ‘பரஸ்பரப் பொறுப்பு’ என்று டோக்கியோவில் எழுதினார்களே, அந்தப் பரஸ்பரத்தில் ஹெல்மண்ட் விவசாயிக்கு இடம் இருந்ததா என்று பாருங்கள்.

நான்காவது, திட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டு அதிகாரியின் பணிக்காலம். பெரும்பாலும் ஒரு வருடம்தான். வந்தவர் தன் காலத்துக்குள் பணத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டும். செலவு வேகம்தான் சாதனை அளவு. 2010இல் ஹெல்மண்டின் மார்ஜாவுக்குள் படை போனபோது அமெரிக்கத் தளபதி ஜெனரல் மெக்கிரிஸ்டல், பெட்டிக்குள் தயாராக ஒரு அரசாங்கம் இருக்கிறது என்றார். அங்கே வைத்த மாவட்ட ஆளுநர் அந்த வருட ஜூலையிலேயே மாற்றப்பட்டார்.

கயல்
ஐயா, யாரும் பாடம் கேட்கவில்லை. ஆனால் எடைமேடை விஷயம் எனக்குப் புதுசு, நன்றி.

மேகலா
அழகர்சாமி ஐயா சொன்ன மூன்றாவதோடு ஒத்துப்போகிறேன், நான்காவதோடு இல்லை. ஒரு வருடத்தை மூன்று வருடமாக்கினாலும் பிளாக் ஹாக் முடிவு மாறியிருக்காது. அந்த முடிவு காபூலில் எடுத்ததில்லை.

தென்மதுரை
செந்தில்வேல், உங்கள் ஒற்றுமைத் திட்டத்தை நான் மறுக்கவில்லை. ஊர் மன்றத் தேர்தலை நடத்த முடிந்தவர்களால் மாவட்ட மன்றத் தேர்தலை ஏன் நடத்த முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. ஊரில் யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும், வாக்காளர் பட்டியல் தேவையில்லை. மாவட்டத்துக்கு எல்லையும் பட்டியலும் வேண்டும். பல சுற்றுத் தேர்தல்களுக்கு வெறும் அட்டைதான் கொடுத்தார்கள். யார் எந்தச் சாவடியில் என்ற பட்டியல் கிடையாது, ஒரே ஆள் பல அட்டை வைத்திருக்கலாம். 2018இல்தான் தஸ்கிரா அடையாளச் சீட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, சாவடிவாரியாகப் பதிந்தார்கள். 2019 அதிபர் தேர்தலில் பதிவானவர்கள் சுமார் 96 லட்சம், செல்லும் ஓட்டு சுமார் 18 லட்சம். கானி ஜெயித்தது 9,23,592 ஓட்டில். அப்துல்லா ஏற்காமல் தனியாகப் பதவியேற்பு நடத்தினார். ஒரே நாளில், காபூலில், இரண்டு அதிபர் பதவியேற்பு. பட்டியலை 2004க்கு முன்னால் செய்திருக்க வேண்டும். அதற்குக் குடிக்கணக்கு எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். தாலிபான் விழுந்ததும் புதிய ஆட்சிக்கு வழி வகுத்த 2001 பான் ஒப்பந்தத்தின் கால அட்டவணையில் அந்த வருடங்களுக்கு இடமே வைக்கவில்லை.