கலைச்சொல்: 'பிளெனிபொடென்ஷியரி' – தூதரா, பேராளரா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

1921-இல் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடந்த உடன்படிக்கைப் பேச்சுவார்த்தைத் தாள்களில் சிலவற்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். டப்ளினில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் நூற்றாண்டை ஒட்டி இவற்றைக் காட்சிக்கு வைத்தது. படிக்கச் சுவையான தாள்கள். ஆனால் ஒரே சொல்லில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: பிளெனிபொடென்ஷியரி.

அகராதியில் 'முழு அதிகாரம் பெற்ற தூதர்' என்று இருக்கிறது. அது விளக்கம், கலைச்சொல் அன்று. லத்தீன் வேரைப் பிரித்து அப்படியே பெயர்த்தாலோ நேரே 'சர்வாதிகாரி'யில் போய் முட்டுகிறது! பேச்சுவார்த்தைக்குப் போன ஐரிஷ் தலைவர் மைக்கேல் காலின்ஸைச் சர்வாதிகாரி ஆக்கிய பழி நமக்கு வேண்டாம்.

சொல்லை ஏன் இவ்வளவு பார்க்கிறேன் என்றால், இந்த ஆவணங்களின் வழக்கே அதில்தான் இருக்கிறது. 1921 அக்டோபர் 7 என்று தேதியிட்ட இரண்டு தாள்கள். ஒன்று, அப்போதைய ஐரிஷ் குடியரசுத் தலைவர் டி வலேரா கையெழுத்திட்டு ஐவருக்கும் வழங்கிய நியமனச் சான்று. ஆர்தர் கிரிஃபித், காலின்ஸ், ராபர்ட் பார்ட்டன், ஏமன் டக்கன், ஜார்ஜ் கேவன் டஃபி ஆகியோர் பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதிகளோடு உடன்படிக்கை 'பேசி முடிக்க' அனுப்பப்படுகிறார்கள் என்கிறது. இரண்டாவது, அதே நாளிட்ட அறிவுறுத்தல். முதல் வரியில் முழு அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. அடுத்த வரியிலேயே, முக்கியக் கேள்விகளில் முடிவெடுக்கும் முன் டப்ளின் அமைச்சரவைக்கு எழுதி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்கிறது. கையெழுத்தாகப்போகும் வரைவின் முழு வாசகத்தையும் அப்படியே அனுப்ப வேண்டுமாம்.

நம் ஊர் வழக்கில் சொன்னால், அண்ணன் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு, சட்டைப்பையில் தனியாக ஒரு துண்டுச் சீட்டும் வைக்கிறார்: 'கிரயம் பண்ணும் முன்னால் என்னை ஒரு வார்த்தை கேள்.' நிலம் வாங்குபவருக்குக் காட்டப் பவர் பத்திரம். சீட்டு வீட்டுக்குள் மட்டும்.

டிசம்பர் 5 மாலை பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ், கையெழுத்தா போரா என்று நெருக்கினார். 6-ஆம் தேதி விடிவதற்கு வெகு முன்பே, இரவு இரண்டு மணிக்கு மேல், கையெழுத்தாகிவிட்டது. அந்த இறுதி வாசகம் டப்ளினுக்குப் போகவில்லை. தொலைபேசி இருந்தது, ஐவரில் யாரும் அதை எடுத்து டப்ளினை அழைக்கவில்லை. அவர்கள் சீட்டை மீறினார்களா, பவரைப் பயன்படுத்தினார்களா என்ற சண்டை அயர்லாந்தின் உள்நாட்டுப் போர்வரை போயிற்று. ஆகவே நாம் ஆக்கும் சொல் எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இதுவரை வந்த பரிந்துரைகள்:

> 'வகுதூதர்' எனலாம். திருக்குறளின் 'தூது' அதிகாரத்தில் பரிமேலழகர் 'தான் வகுத்துக் கூறுவான்', 'கூறியது கூறுவான்' என்று பிரிக்கிறாரே!

அழகான கண்டுபிடிப்பு. டி வலேராவின் சான்று முதல் வகையையும் அறிவுறுத்தல் இரண்டாம் வகையையும் கேட்கின்றன என்று ஒரு கட்டுரையே எழுதலாம். ஆனால் இரண்டுமே 'கூறுவான்'. இங்கே சிக்கல் கூறியதில் இல்லை, கையெழுத்துப் போட்டதில்.

> 'முழு முகவர்'?

மன்னிக்கவும். ஆயுள் காப்பீட்டு வாடை அடிக்கிறது.

என் பரிந்துரை 'முழுவுரிமைப் பேராளர்'. 'தூதர்' என்றாலே இன்று தூதரகத்தில் குடியிருப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். இவர்களோ இரண்டு மாதம் லண்டனில் ஹான்ஸ் பிளேஸ் வீட்டிலும் கடோகன் கார்டன்ஸ் வீட்டிலும் தங்கி, பேசிவிட்டுத் திரும்பியவர்கள். கருத்துச் சொல்லுங்கள்.

* * *

வணக்கம் தம்பி,

மடல் வாசித்தேன். இரண்டு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

> என் பரிந்துரை 'முழுவுரிமைப் பேராளர்'.

உரிமை வேறு, அதிகாரம் வேறு. உரிமை ஒருவனுக்குச் சொந்தம். அதிகாரம் இன்னொருவர் கொடுத்தது, திருப்பி வாங்கவும் கூடியது. எங்கட பக்கத்தில் நீங்கள் சொல்லும் பவர் பத்திரத்தை 'அற்றோணித் தத்துவம்' என்போம். அங்கே 'தத்துவம்' என்றால் அதிகாரம்தான். அதை வைத்து 'முழுத்தத்துவர்' என்று ஆக்கினால் உங்கட ஆட்கள் ஐந்து பேரையும் மெய்யியல் அறிஞர் என்று நினைப்பினம், அதனால் நான் அதை முன்மொழியவில்லை!

இரண்டாவது, நியமனச் சான்றின் ஆங்கில வாசகத்தைத் திரும்பப் பாருங்கோ. அதில் தூதர் என்ற சொல்லும் இருக்கிறது, பிளெனிபொடென்ஷியரி அதற்கு அடைமொழியாக ஒட்டி நிற்கிறது. அறிவுறுத்தலில்தான் அது தனியாக நிற்கிறது. 'பேராளர்' போட்டால் சான்றில் இருக்கிற தூதரை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

சான்று என்றதும் இன்னொன்று. செய்தித்தாள்களில் எழுதுகிற 'நற்சான்றுப் பத்திரம்' வேண்டாம். அது பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் தருவது. உங்கட 'நியமனச் சான்று' போதும்.

சொல்லைப் பெயர்த்ததால் ஒரு நாடே மாட்டின கதை இதே கோப்புகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஐரிஷ் மொழியில் குடியரசுக்கு இரண்டு சொல். 1916 ஐரிஷ் குடியரசுப் பிரகடனத்தின் தலைப்பில் இருந்தது 'போப்லக்த்'. டி வலேராவின் கடிதத் தலைப்பில் இருந்ததோ 'சேர்ஸ்டாட்'. அதைப் பிரித்தால் சுதந்திரம், அரசு. லாயிட் ஜார்ஜ் அதன் பொருளைக் கேட்டறிந்துகொண்டார். கடைசியில் உடன்படிக்கையில் வந்தது 'ஐரிஷ் சுதந்திர அரசு'. ஐரிஷில் அதே சேர்ஸ்டாட், ஆங்கிலத்தில் குடியரசு காணாமற் போய்விட்டது. வேரைப் பிரித்து மொழிபெயர்க்கிறவர்கள் கவனமாக இருக்க வேணும்.

* * *

ஐயா,

சான்றில் தூதர் இருப்பதை நான் கோட்டைவிட்டது உண்மை. உரிமை–அதிகாரம் வேறுபாடும் சரி. நேற்று இரவு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தேன். நான் முதலில் தள்ளிய அகராதிச் சொல்லையே கொஞ்சம் செதுக்கினால் போதும் போலிருக்கிறது. அடைமொழியாக வருகையில் 'முழுவதிகாரத் தூதர்', தனித்து வருகையில் 'முழுவதிகாரர்'. 'அதிகாரி' என்று முடியாததால் சர்வாதிகாரியும் வட்டாட்சியர் அலுவலகமும் நினைவுக்கு வரா.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், அறிவுறுத்தலின் முரண் தமிழில் தானாகவே தெரிகிறது:

'1. முழுவதிகாரர்களுக்கு அவர்களது நியமனச் சான்றில் வரையறுத்தபடி முழு அதிகாரம் உண்டு.

2. ஆயினும், முக்கியக் கேள்விகளில் இறுதி முடிவு எட்டும் முன், அம்முடிவை எடுக்கக் கருதியிருப்பதை டப்ளினில் உள்ள அமைச்சரவை உறுப்பினர்களுக்கு மடல்வழி அறிவித்து, முழுவதிகாரர்கள் பதிலுக்குக் காத்திருப்பார்கள் என்பது புரிந்துகொள்ளப்பட்டுள்ளது.'

'முழுவதிகாரர்கள் காத்திருப்பார்கள்.' அடிக்குறிப்பே தேவையில்லை. 'பேராளர்கள் காத்திருப்பார்கள்' என்று எழுதியிருந்தால் யாருக்கும் உறுத்தியிருக்காது. பேராளர் என்றால் காத்திருக்கத்தானே வேண்டும்! என் முந்தைய சொல்லே டி வலேரா பக்கம் சாய்ந்திருந்தது, எனக்கே தெரியாமல்.

'காத்திருக்க வேண்டும்' என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். மூலத்தில் கட்டளை வினை இல்லை. 'புரிந்துகொள்ளப்பட்டுள்ளது' என்று பட்டும் படாமலும்தான் இருக்கிறது. முதல் மடலில் நான் 'வேண்டும்' என்று சுருக்கியதையும் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மறுப்பு இல்லையென்றால் இந்த இரண்டு சொற்களையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். அடுத்த சிக்கல் கையெழுத்தான தாளின் தலைப்பு. 'உடன்படிக்கை' என்று மொட்டையாக இல்லை. ஓர் உடன்படிக்கைக்கான ஒப்பந்தத்தின் விதிகள் என்று மூன்று அடுக்காக இருக்கிறது. உடன்படிக்கையையும் ஒப்பந்தத்தையும் நாம் மாற்றி மாற்றித்தான் புழங்குகிறோம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.